பாயிரம் பாடிய நண்பர்கள்: நூல்முகப்பில் தன்செய்தி நுழைந்த வரலாறு

எவ்வளவு அரிய நூலைச் செய்தவரானாலும் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வது தகாது என்கிறது நன்னூல். நூலாசிரியரைப் பற்றிச் சொல்லும் பொறுப்பை அவருடைய ஆசிரியர், அவரோடு கற்றவர், அவருடைய மாணாக்கர், உரைகாரர் என்னும் நால்வரிடம் ஒப்படைக்கிறார் அதன் ஆசிரியர் பவணந்தியார். இலக்கணம் படித்த எல்லாருக்கும் தெரிந்த சூத்திரம்தான். ஆனால் அது புலவர் உலகத்தில் உண்டாக்கிய பழக்கம் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. தம்மைப் பற்றிச் சொல்ல வழியில்லாத புலவர், நண்பரின் நூலைப் பாராட்டும் சாக்கில் தம் ஊர், பதவி, குரு, தம் வாழ்வில் நேர்ந்த மாற்றம் ஆகியவற்றைச் சொல்லிக்கொண்டார். அச்சு வந்தபின் இந்தச் சாக்கு எப்படி வளர்ந்தது, எப்போது தேவையற்றுப் போனது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கம் தொல்காப்பியத்தில் இருக்கிறது. அதற்குச் சிறப்புப்பாயிரம், அதாவது நூலையும் ஆசிரியரையும் அறிமுகப்படுத்தும் முகப்புப் பாட்டு, தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவர் என்பது உரையாசிரியர் மரபு. ஒரு சில அடிகளுக்குள் அவர் எவ்வளவு சொல்லிவிடுகிறார்! நூல் வழங்கும் நிலத்தின் எல்லை, அரங்கேறிய பாண்டியன் அவை, அங்கே கேட்டுத் தெளிந்த அதங்கோட்டாசான், ஐந்திரம் என்னும் இலக்கணத்தில் நூலாசிரியருக்கு இருந்த புலமை. இன்றைய கணக்கில் ஆசிரியரின் கல்வித்தகுதியும் வெளியீட்டு விழாவின் இடமும் தலைமை தாங்கியவர் பெயரும் அதில் அடக்கம். பாயிரம் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்ப்பவர் உண்டு என்று நன்னூல் பிற்பாடு குறித்ததும் இந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் போலும்.

நன்னூலார் கெடுபிடிக்காரர் அல்லர். தற்புகழ்ச்சிக்கு நான்கு விலக்குகளைத் தருகிறார்: மன்னன் அவைக்குப் பாட்டால் ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவரிடையே இருக்கும்போது, வாதில் வெல்ல வேண்டியபோது, எதிரி தன்னைப் பழித்தபோது. இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொண்டால் பிற்காலத்து எழுத்தாளர் பலரின் நடத்தை விளங்கும்.

19ஆம் நூற்றாண்டில் ஏடு அச்சுக்குப் போனது. நூலின் முன்பக்கங்கள் திடீரென்று பெருத்தன. அக்காலப் பதிப்பு ஒன்றைத் திறந்தால் நூல் தொடங்குமுன் வரிசையாகச் சாற்றுகவிகள் என்னும் பாராட்டுப் பாட்டுகள் நிற்கும். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ஓர் உரைநடை வரி: இன்ன ஊர், இன்ன ஆதீனத்து வித்துவான் அல்லது இன்ன காலேஜின் தமிழ்ப்பண்டிதர், இன்னாரின் மாணாக்கர், இன்னார் இயற்றிய ஆசிரியவிருத்தம் என்று அது போகும். பாட்டு பெரும்பாலும் சடங்கு. நூலை அமுதம் என்றும் ஆசிரியரைக் கற்பகம் என்றும் சொல்லி முடித்துவிடும். ஆய்வாளனுக்கு வேண்டியது அந்தத் தலைப்பு வரிதான். ஒரே புலவர் சில ஆண்டு இடைவெளியில் இரண்டு நூல்களுக்குப் பாடியிருந்தால், மடத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து காலேஜுக்கும் அவர் நகர்ந்த கதையை அந்த இரண்டு வரிகளை ஒப்பிட்டே எழுதிவிடலாம்.

இந்த உறவுகளின் மையத்தில் இருந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876). மாயவரத்தில் முன்சீபாக இருந்த நண்பர் வேதநாயகம் பிள்ளைமீது அவர் குளத்தூர்க்கோவை பாடினார். சைவ மடத்து வித்துவான் ஒரு கிறிஸ்தவ நீதிபதியைப் பாட்டுடைத் தலைவராக்கியது வெறும் முகமன் அன்று. நண்பரைக் கைவிடாத பிடிவாதம் அதில் இருக்கிறது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் தியாகராச செட்டியார் இன்னும் ஒரு படி மேலே போனார். கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழ்ப்பண்டிதர் பதவியிலிருந்து ஓய்வுபெறும்போது, அந்த இடத்துக்குத் தம் ஆசிரியரின் இன்னொரு மாணவரான உ.வே. சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். 1880இல் சாமிநாதையர் அங்கே சேர்ந்தார். அதே ஊரில், தம்மைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பிய சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். அவர் பதிப்பில் அந்நூல் அச்சேறியது 1887இல். ஓர் உடன்மாணாக்கர் வாய்ச்சொல்லாகத் தந்த சிறப்புப்பாயிரத்தின் பலன் என்று இதைச் சொல்லலாம்.

பாட்டு உரைநடையாக மாறிய இடம் பதிப்புரை. சி.வை. தாமோதரம்பிள்ளை 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை வெளியிட்டபோது ஆறுமுக நாவலர் பரிசோதித்துக் கொடுத்தார். பிற்காலத்தில் தனியாகப் பதிப்பிக்கத் தொடங்கிய தாமோதரம்பிள்ளை, தம் பதிப்புரைகளில் சாற்றுகவியின் கூச்சத்தை உதறிவிட்டார். 1887இன் கலித்தொகைப் பதிப்புரையில் ஏட்டுக்கட்டை அவிழ்த்தால் இதழ் முறிவதையும் எடுத்தால் ஓரம் உதிர்வதையும் அவர் சொல்லும் பகுதி புகழ்பெற்றது. தம் உழைப்பையும் கவலையையும் அவர் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அதைத் தம் பெருமையாகச் சொல்லாமல் நூலின் ஆபத்தாகச் சொன்னதுதான். சாமிநாதையரின் முகவுரைகளில் ஏடு தந்தவர், ஒப்புநோக்க உதவியவர் பெயர்கள் நீளமாக வருகின்றன. நன்றிப் பட்டியல்தான் என்று தள்ளிவிடக் கூடாது. எந்தக் கிராமத்துக் கவிராயர் வீட்டில் எந்த ஏடு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

நண்பரைத் தூக்கிப் பிடிப்பதில் வினையும் உண்டு. 1867இல் திருவருட்பாவை வெளியிட்ட தொழுவூர் வேலாயுத முதலியார், தம் குரு இராமலிங்க அடிகளுக்குத் திருவருட்பிரகாச வள்ளலார் என்ற பெயரை நூல்முகப்பில் இட்டார். அடிகள் அதை விரும்பவில்லை. நூலின் பெயரும் ஆசிரியருக்கு இட்ட பெயரும் நாவலர் தரப்பின் கண்டனத்துக்கு இலக்காயின. அடிகளின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற போர் பல ஆண்டு நீண்டது. அதன் பொறிகளுள் ஒன்று, அன்பு மிகுந்த மாணவர் போட்ட முகப்பு வரி.

பாரதியிடம் வரும்போது நன்னூலின் விலக்குகள் ஒவ்வொன்றாகக் கைகொடுக்கின்றன. 1919இல் எட்டயபுரம் மன்னருக்கு அவர் எழுதிய சீட்டுக்கவிகளில் தம் புலமையைத் தயக்கமின்றிப் பேசுகிறார். மன்னனுக்குப் பாட்டால் எழுதும் ஓலையில் அது மரபு தந்த உரிமை. 1920இல் தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 படிகளாக அச்சிடத் திட்டமிட்டு நண்பர்களுக்கு அச்சுக் கடிதம் அனுப்பிப் பணம் கேட்டார். அங்கே மன்னன் இல்லை. ஆனால் தம் ஆற்றலை அறியாதவர் நாடெங்கும் இருந்தனர். இரண்டாம் விலக்கு பொருந்துகிறது.

அவருக்காக நண்பர்கள் எழுதியவை இதைவிடச் சுவையானவை. 1917இல் கண்ணன் பாட்டை வெளியிட்டவர் பரலி சு. நெல்லையப்பர், பாரதி தம்பி என்று அழைத்து எழுதிய அதே நெல்லையப்பர். பல நூற்றாண்டு கழிந்தபின் தமிழர் இப்பாடல்களைப் பாடி மகிழ்வதைத் தாம் இப்போதே காண்பதாக முன்னுரையில் எழுதினார். அப்போது அது ஒரு நண்பரின் மிகைப்பேச்சாகவே தோன்றியிருக்கும். 1919இன் இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை தந்த வ.வே.சு. ஐயர் வேறு ரகம். புதுவைக் கடற்கரையில் பாரதி பாடக் கேட்டவர் அவர். அந்த நேரடி அனுபவத்தைச் சொல்லும்போதே தம் புதுவை வாழ்க்கையின் ஒரு துண்டையும் தந்துவிடுகிறார். ஆழ்வார்களோடு ஒப்பிட்டு எடை போடவும் தயங்கவில்லை. நண்பர் நூலை அளந்து பாராட்டிய முன்னுரைகளில் இதற்கு ஈடாக நான் வைக்கக்கூடியவை மிகச் சில. பாரதியும் கடனைத் திருப்பினார். கனக சுப்புரத்தினம் எழுதிய பாடலைத் தம் கவிதைக் குழுவைச் சேர்ந்தவர் எழுதியது என்ற குறிப்போடு சுதேசமித்திரனுக்கு அனுப்பினார். பின்னாளில் பாரதிதாசன் ஆனவரின் அறிமுகச் சீட்டு அதுதான்.

1933இல் மணிக்கொடி பிறந்ததும் சாக்கு என்பது தேவையற்றுப் போனது. இதழே நண்பர் கூட்டமாக இருந்தது. பின்னர் அதன் ஆசிரியரான பி.எஸ். ராமையா ஒருவர் கதையை வாங்கிப் போட்டு, மௌனி என்ற புனைபெயரையும் அவருக்குச் சூட்டினார். அதே மௌனியைத் தமிழ்ச் சிறுகதையின் திருமூலர் என்றார் புதுமைப்பித்தன். அந்த ஒரு சொற்றொடர் எத்தனையோ விமர்சனக் கட்டுரைகளைக் கடந்து நிற்கிறது. தம் சொந்தத் தொகுப்பான காஞ்சனைக்கு (1943) முன்னுரை எழுதும்போதோ புதுமைப்பித்தன் ‘எச்சரிக்கை!’ என்று தலைப்பிட்டு வாசகரையே சீண்டினார். பிறர் பாயிரம் எதற்கு என்ற மிடுக்கு அது. அவர் 1948இல் மறைந்தபின் அவர் வாழ்க்கையை எழுதி 1951இல் வெளியிட்டவர் நண்பர் ரகுநாதன்.

சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய எழுத்து இதழில் இந்த மரபு உடலுழைப்பாக மாறியது. 24 கவிஞரின் 63 கவிதைகளைப் புதுக்குரல்கள் என்று 1962இல் தொகுத்தார். புத்தகங்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவரும் அவரே. எழுத்தாளர் வல்லிக்கண்ணன் இதையே தபால் கார்டில் செய்தார். முகம் தெரியாத இளம் எழுத்தாளருக்கும் படித்தேன் என்று இரண்டு வரி எழுதினார். இடைசெவல்காரர்களான கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் கடிதங்களில் வளர்த்த நட்பில் வேலை, குடும்பம், சங்கீதம், கதை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடந்தன. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் நூலாக வந்திருப்பதால் நமக்கு அது தெரிகிறது.

மறுபதிப்புச் செய்யும் பதிப்பகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். சாற்றுகவிகளையும் பழைய முகவுரைகளையும் பக்கச் செலவைக் காரணம் காட்டி நீக்குவது இன்னும் நடக்கிறது. இக்கட்டுரை எடுத்தாண்ட சான்றுகளில் பெரும்பகுதி அப்படி நீக்கத்தக்கவை எனக் கருதப்படும் பக்கங்களில் உள்ளவை. நூலின் பின்னிணைப்பாகவாவது அவற்றை விட்டுவையுங்கள். வீட்டில் பழைய முதற்பதிப்பு வைத்திருப்பவர்கள், முன்பக்கங்கள் கிழிந்திருந்தாலும் எடைக்குப் போடாமல், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.