மகத்: தீர்மானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே 13 ஆண்டுகள்

ஓர் ஊர் வளர்ந்த கதையை எழுதுகிறவர்கள் சந்தை, சாலை, நகராட்சி, பள்ளிக்கூடம் என்று வரிசையாகச் சொல்வார்கள். அவை யாருக்குத் திறந்திருந்தன என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதியில் இருக்கும் மகத் என்ற சிறு நகரத்தை இந்தக் கேள்வியோடு பார்ப்போம்.

சாவித்திரி ஆற்றங்கரையில், சிவாஜியின் ராய்கட் கோட்டைக்கு அருகில் உள்ள மகத், ஆற்றுவழி வணிகத்தால் வளர்ந்த ஊர். பிரிட்டிஷ் ஆட்சியில் அது தாலுகா தலைநகரமும் கூட. சுற்றியிருந்த கிராமங்களின் தீண்டப்படாத மக்கள் சாமான் வாங்க அங்கு வந்தார்கள். கிராம ஊழியர்களாக அரசுக் கடிதங்களையும் வசூலான வரியையும் தாலுகா கச்சேரியில் சேர்ப்பதும் அவர்கள் வேலைதான். அரசு நிர்வாகம் அவர்களுடைய கால்களால் நடந்தது. ஆனால் தாகம் எடுத்தால், பொதுக்குளமான சவுதார் குளத்தில் அவர்கள் இறங்க முடியாது. தள்ளியிருந்த சேரிக் கிணறுதான் கதி. மற்ற மதத்தவருக்கு அந்தக் குளத்தில் தடை இருக்கவில்லை.

1923இல் எஸ்.கே.போலே கொண்டுவந்த தீர்மானத்தை பம்பாய் சட்டமன்றம் ஏற்றது: அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் நீர்நிலைகள், பொது இடங்கள் எல்லாம் தீண்டப்படாதோருக்கும் உரியவை. 1924 ஜனவரியில் மகத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. மூன்று ஆண்டுகள் கழிந்தும் சாதி இந்துக்களின் எதிர்ப்புக்கு அஞ்சி யாராலும் தண்ணீர் எடுக்க முடியவில்லை.

மகத்துக்கு அருகிலுள்ள தாஸ்கானைச் சேர்ந்த ஆர்.பி.மோரே போன்ற உள்ளூர் ஊழியர்களின் முயற்சியில் 1927 மார்ச் 19, 20 தேதிகளில் அங்கே மாநாடு கூடியது. வந்தவர்களின் தாகத்துக்கு 40 ரூபாய்க்குத் தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. 20ஆம் தேதி அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் ஊர்வலமாகப் போய்க் குளத்து நீரை அள்ளிக் குடித்தார்கள். கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி, ஆதிக்கச் சாதியினர் அவர்களை அடித்தார்கள். பிறகு 108 குடங்களில் பசுஞ்சாணம், கோமியம், பால், தயிர் கொண்டு குளத்துக்குத் ‘தீட்டு’ கழித்தார்கள்.

நகராட்சி என்ன செய்தது? அதே ஆண்டு ஆகஸ்டில் தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. டிசம்பரில் இரண்டாவது மாநாட்டுக்கு இந்துக்கள் யாரும் இடம் தரவில்லை; ஃபத்தேகான் என்ற முஸ்லிம் தன் நிலத்தைக் கொடுத்தார். டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிந்தது அங்கேதான். இதற்கிடையே குளம் தனிச்சொத்து என்று சாதி இந்துக்கள் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கியிருந்தார்கள். அதனால் அம்பேத்கர் மீண்டும் குளத்தில் இறங்குவதைத் தள்ளிவைத்தார். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், 1937 மார்ச்சில்தான் நம் பக்கம் தீர்ப்பு வந்தது.

இன்று மகத் நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டையும் உள்ள ஊர். ஒவ்வொரு மார்ச் 20 அன்றும் ஆயிரக்கணக்கானோர் குளத்தைத் தேடி வருகிறார்கள்.

அந்த நகராட்சியின் ஏட்டை மட்டும் படித்தவருக்கு, சவுதார் குளம் 1924இலேயே திறந்துவிட்டதாகத் தோன்றும். உங்கள் ஊரின் வரலாற்றை எழுதப் போகும் மாணவர்களே, தீர்மானப் புத்தகத்தைப் படித்த பிறகு குழாயடிக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் நடந்து போய்ப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது.