பழைய குழிகளைப் படித்தவர்கள்: கோலாரும் தேவாலாவும்

கோலார் தங்கவயலில் தங்கத்தைக் கண்டுபிடித்தது யார் என்று தேடினால் மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ்காரர் பெயர் வரும். இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஜான் வாரன். என்னைக் கேட்டால் இரண்டு பேருமே கண்டுபிடிக்கவில்லை. அங்கே ஏற்கெனவே இருந்த பழைய குழிகளைப் படித்தார்கள், அவ்வளவுதான்.

திப்பு வீழ்ந்த பிறகு மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்தவர் வாரன். 1802. இந்தப் பக்கம் மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்று காதில் விழுகிறது. எடுத்துக் காட்டினால் பரிசு என்கிறார். ஊர்க்காரர்கள் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண் முன்னாலேயே அலசிக் காட்டுகிறார்கள். மாரிக்குப்பத்தில் ஆட்கள் குழிக்குள் இறங்கிக் கல் வெட்டி எடுப்பதையும், பெண்கள் அதை இடித்து அலசுவதையும் பார்த்து எழுதி வைத்தார்.

அந்தக் குறிப்பைச் சுமார் 70 வருடம் கழித்துப் படித்தவர்தான் லவெல். நியூசிலாந்தில் போர் முடித்துவிட்டு பெங்களூரில் குடியேறிய முன்னாள் படைவீரர். 1871-ல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் போய்ப் பழைய குழிகளைப் பார்வையிட்டார். 1875-ல் மைசூர் அரசிடம் குத்தகையும் வாங்கிவிட்டார். கையில் பணம்தான் இல்லை. இரண்டே வருடத்தில் உரிமை வேறு கைக்குப் போனது.

இப்போது நீலகிரிக்கு வருவோம். அதே காலத்தில் கூடலூர் பக்கம் தேவாலா, பந்தலூரிலும் பழைய குழிகள் இருந்தன. 1879-ல் ஆஸ்திரேலியாவில் இருந்து ப்ரஃப் ஸ்மித் என்ற நிபுணரை வரவழைத்தார்கள். அவருடைய அறிக்கை வந்ததும் லண்டனில் பங்குச்சந்தை கொதித்தது. இந்தப் பகுதிக்காக மட்டும் 30-க்கும் மேற்பட்ட கம்பெனிகள். காகிதத்தில் முதலீடு 40 லட்சம் பவுண்டுக்கு மேல். காபித் தோட்டங்கள் தங்க விலைக்குப் போயின. நாலைந்து வருடத்தில் எல்லாம் முடிந்தது. அரைத்த கல்லில் செலவுக்குக்கூடத் தங்கம் வரவில்லை.

வெறும் பேராசைக் கதை என்று இதை ஒதுக்க முடியாது. தரைக்கு அருகில் பாறை மக்கிப்போகும்போது, கந்தகக் கனிமங்களுக்குள் சிக்கிய தங்கம் விடுபட்டு வெளியே தெரியும். மேலே எடுத்த கல் பணக்காரக் கல்லாக இருக்கும். கீழே போனால் கதை மாறலாம். பழைய ஆட்கள் தோண்டுவதை நிறுத்தினார்கள் என்றால், ஒன்று தண்ணீர் ஊறி இறைக்க முடியாமல் போயிருக்கும், அல்லது எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டு குழியும் ஒரே மாதிரிதான் தெரியும். யாரோ எழுதிவிட்டுப் போன பழைய புரோகிராம் மாதிரி: ஏன் இந்த இடத்தில் நிறுத்தினான் என்று ஒரு வரி கமென்ட் இருக்காது.

கோலாரும் தப்பித்தது மயிரிழையில்தான். மைசூர் கம்பெனியும் அதே லண்டன் காய்ச்சலில், 1880-ல் பிறந்ததுதான். மூன்று வருடத்தில் பணம் கரைந்து, மூடிவிடலாம் என்று பங்குதாரர்கள் பேசினார்கள். ஜான் டெய்லர் இன்னும் ஒருமுறை பார்ப்போம் என்று சம்மதிக்க வைத்தார். பிளம்மர் என்ற சுரங்க மேலாளர் பழைய குழிகளுக்கும் கீழே இறங்கினார். சாம்பியன் ரீஃப் சிக்கியது. வட ஆற்காடு, சேலம் பக்கத்தில் இருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே போனது அந்த ஒரு முடிவால்தான். 2001 பிப்ரவரி 28-ல் மூடும்வரை மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போய், சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள்.

தேவாலாவில் யாரும் எடுக்காத தங்கம் இன்னும் இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் சாகவில்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போன சுரங்கங்களுக்குள் இப்போதும் திருட்டுத்தனமாக ஆட்கள் இறங்குகிறார்கள். மண் சரிந்தும் மூச்சுத் திணறியும் செத்தவர்கள் உண்டு. ட்ரெக்கிங் போகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: கைவிட்ட சுரங்கத்தில் ஆக்சிஜன் எங்கே குறைகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, டார்ச் லைட்டுக்கும் தெரியாது. வாயிலில் நின்று பாருங்கள், போதும்.

கர்நாடகாவின் ஹட்டியில் பழங்காலத்து ஆட்கள் 600 அடிக்கும் கீழே போயிருக்கிறார்கள். வெடிமருந்து இல்லாத காலம். பாறையைத் தீயால் சுட்டுப் பிளந்து இறங்கிய அந்தக் கதையை அடுத்த பதிவில் பார்ப்போம்.