தொண்ணூற்றைந்து கலமும் ஒரு பெஞ்சும்

"அகாடமிக்" என்ற வார்த்தையை நம் வீடுகளில் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்கிறோம். அகாடமிக் ரெக்கார்டு, அகாடமிக் இயர், அகாடமிக் பிரஷர்... மஸ்கட்டில் இருந்தாலும் மெல்போர்னில் இருந்தாலும் இதே கதைதான். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? நம் பக்கத்தில் இதற்கு என்ன பெயர் இருந்தது? கொஞ்சம் பார்க்கலாம். நான் சரித்திரம் படித்தவன் இல்லை. பி.காம் முடித்து பேங்கில் உட்கார்ந்திருப்பவன். அதனால் பேங்க்காரன் கண்ணோட்டம் நடுநடுவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏதென்ஸ் நகரத்துக்கு வெளியே அகாடமஸ் என்ற பழைய வீரனின் பெயரில் ஒரு தோப்பு இருந்தது. கி.மு. 387-ஐ ஒட்டி பிளாட்டோ அங்கே பாடம் நடத்த ஆரம்பித்தார். அந்தத் தோப்பின் பெயர்தான் இன்றைக்கு உலகம் முழுக்கப் படிப்புக்கே பெயராகிவிட்டது. யுனிவர்சிட்டி என்பதோ இலத்தீனில் ஒரு கூட்டமைப்பை, சங்கத்தைக் குறித்த சொல். நாம் 'பல்கலைக்கழகம்' என்கிறோம். ஆனால் திருக்குறளில் 'கழகம்' என்றால் சூதாடும் இடம்! சொற்கள் எங்கெங்கோ சுற்றித்தான் வந்து சேர்கின்றன.

நம் தெற்குத் திருவிதாங்கூர் பக்கம் இதற்கு இருந்த சொல் 'சாலை'. இன்றைக்குச் சாலை என்றால் ரோடு. அன்றைக்கு, சாப்பாடும் தங்க இடமும் கொடுத்துப் படிக்க வைத்த இடம். (பாறசாலையின் பெயரிலும் சாலை இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே பெரிய கல்லூரி இருந்தது என்று கிளம்பிவிட வேண்டாம். பெயரை மட்டும் பார்த்து யாரும் லோன் கொடுப்பதில்லை, பத்திரம் வேண்டும்.)

பத்திரம் இருக்கும் சாலை ஒன்று பக்கத்திலேயே உண்டு. பாறசாலை தாண்டி, களியக்காவிளையில் எல்லை கடந்து, புதுக்கடை, முஞ்சிறை பக்கம் போனால் பார்த்திவபுரம். ஒன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்டவர்கள் ஆய் மன்னர்கள். இன்றைய நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருக்கும் விழிஞ்ஞம் அவர்களுடைய முக்கியமான ஊர். அந்த வம்சத்துக் கருநந்தடக்கன் கி.பி. 866-ஐ ஒட்டி பார்த்திவசேகரபுரத்தில் விஷ்ணு கோயில் கட்டி, கூடவே ஒரு சாலையும் வைத்தான். அதற்கான செப்பேடு தமிழில், வட்டெழுத்தில் இருக்கிறது. திருவனந்தபுரம் ஹுஜூர் கச்சேரியில் இருந்ததால் ஹுஜூர் ஆபீஸ் செப்பேடு என்று பெயர். திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில் து.அ. கோபிநாத ராவ் இதைப் பதிப்பித்தார்.

இந்தச் செப்பேட்டில் எனக்கு முதலில் பிடித்தது நில விவகாரம். இடம் முஞ்சிறை சபைக்குச் சொந்தமானது. ராஜா நினைத்தால் பிடுங்கிக்கொள்ளலாம். அப்படிச் செய்யாமல், வேறு நிலம் மாற்றுக் கொடுத்து வாங்கியிருக்கிறான். டைட்டில் கிளியர்!

அடுத்தது சீட்டுக் கணக்கு. மொத்தம் 95 பேர். பவிழிய சரணத்தாருக்கு (ரிக் வேதம்) 45, தைத்திரீயருக்கு (யஜுர்) 36, தலவகாரருக்கு (சாமம்) 14. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். மாணவர்களுக்குச் 'சட்டர்' என்று பெயர். இடத்தை எண்ணியது 'கலம்' என்று, அதாவது சாப்பாட்டுத் தட்டு. எத்தனை தட்டுக்கு நிலத்திலிருந்து நெல் வருமோ அத்தனை இடம். இன்றைய பெரிய பல்கலைக்கழகங்கள் 'எண்டோமெண்ட்' என்று சொல்வதும் இதே தத்துவம்தான்: முதலைத் தொடாதே, வருமானத்தில் நடத்து.

நுழைவுத் தகுதியும் உண்டு. வியாகரணம், புரோகிதம், 'த்ரைராஜ்ய வியவகாரம்' இவற்றுக்கு வேண்டிய படிப்பு இருக்க வேண்டும். மூன்று ராஜ்யம் என்றால் சேர, சோழ, பாண்டியர் என்று பொதுவாகப் பொருள் சொல்கிறார்கள். வேதம் ஓதுபவர்கள் மட்டுமல்ல, அரசாங்க வேலைக்கான ஆட்களும் இங்கிருந்து வந்திருக்கலாம். ஹாஸ்டல் விதிகளும் இருக்கின்றன. கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது, மடத்தில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளக் கூடாது, அடுத்தவனைத் திட்டினால் அபராதம். இப்படி எழுதி வைத்தார்கள் என்றால் இதெல்லாம் நடந்துகொண்டிருந்தது என்றுதானே அர்த்தம்?

இத்தனையும் 'காந்தளூர் மரியாதை'ப்படி, அதாவது காந்தளூர்ச் சாலையின் முறைப்படி அமைந்தது. அப்படியானால் காந்தளூர் அதைவிடப் பழையது, பேர் பெற்றது. திருவனந்தபுரம் வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயில் இருக்கிறது. அதுதான் இடம் என்று பலரும் சொல்கிறார்கள். மாறுபடுபவர்களும் உண்டு. ராஜராஜ சோழன் தன் கல்வெட்டுகளில் 'காந்தளூர்ச் சாலை கலமறுத்த' என்று பெருமையாகப் போட்டுக்கொண்டான். கலம் என்றால் கப்பலா, தட்டா? கப்பற்படையை அழித்தானா, சட்டர்களின் சோற்றை நிறுத்தினானா? கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை உட்பட எத்தனையோ பேர் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். இன்னும் முடிந்தபாடில்லை.

பெருமை இருக்கட்டும். ஆனால் அந்த 95 தட்டும் வேதம் ஓதும் பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும். அந்தத் தட்டில் விழுந்த நெல்லை விளைவித்தவன் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கணக்கில் ஒரு பக்கம் மட்டும் எழுதிய மாதிரி ஆகிவிடும்.

மறுபக்கத்தை எழுதியதும் இதே நெய்யாற்றின்கரைப் பக்கம்தான். 1888-ல் அருவிப்புறத்தில் ஸ்ரீ நாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்தார். வெங்ஙானூரில் 1863-ல் பிறந்த அய்யன்காளி 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் உங்கள் வயலில் நாங்கள் இறங்க மாட்டோம் என்று புலையர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் நடத்திய போராட்டம் அது. அரசு உத்தரவு வந்த பிறகும் கதவு லேசில் திறக்கவில்லை. ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற சிறுமியைச் சேர்க்க அவர் கூட்டிப் போனதற்காகக் கலவரம் நடந்து, பள்ளிக்கூடத்தைக் கொளுத்தினார்கள். அதில் மிஞ்சிய ஒரு பெஞ்சை அங்கே பாதுகாத்து வருகிறார்கள். 1937-ல் காந்தி வெங்ஙானூர் வந்தபோது, தம் சமுதாயத்தில் பத்து பி.ஏ.க்களைப் பார்த்துவிட வேண்டும் என்பதே தன் ஆசை என்று அய்யன்காளி சொன்னார். திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதே 1937-ல்தான்.

தொண்ணூற்றைந்து இடம் கேட்கவில்லை அந்த மனிதர். பத்து பி.ஏ. நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, வீட்டிலேயே முதல் பட்டதாரி அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ என்று தெரியும்? எந்த யுனிவர்சிட்டி, என்ன ரேங்க் என்று விடிய விடியப் பேசுகிறோம். அந்த இடம் யார் விளைவித்த நெல்லில் நடக்கிறது, யாரை இன்னும் வெளியே நிறுத்தியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

1956 நவம்பர் 1-ல் எல்லை பிரிந்தபோது பார்த்திவபுரம் தமிழ்நாட்டுக்கும் ஊரூட்டம்பலம் கேரளத்துக்கும் போயின. அதனால் என்ன? அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு கார் எடுத்தால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். கோயிலை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பிவிடாமல், அந்தப் பெஞ்சையும் காட்டுங்கள்.