நெய்வேலிக் கரி வந்த வழி

கல்வராயன் மலையின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்குகிறது. கச்சிராயபாளையத்தில் ஒன்றுக்கு அணை. சங்கராபுரம் பக்கம் சூளாங்குறிச்சியில் மற்றதற்கு அணை. அதற்குப் பிறகு இரண்டும் கூடி, விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலை ஒட்டி ஓடி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கின்றன. விருத்தாசலத்துக்குக் கிழக்கே, இந்தத் தண்ணீர் கடலை நோக்கிப் போகிற அதே சமவெளியில், மண்ணுக்கடியில் ஒரு காடு புதைந்து கிடக்கிறது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி அதுதான். எங்கள் பக்கத்து மோட்டார் கொட்டகை வரைக்கும் அது வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால், அது இருப்பதே தெரியாமல் அதற்குப் பக்கத்தில் உலை மூட்டிய ஒருவரிடமிருந்து தொடங்க வேண்டும்.

அவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்தவர். வேலையை விட்டுவிட்டு 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். தாது சேலம் பக்கத்திலிருந்து வந்தது. எரிக்க மரக்கரி. தென்னாற்காடு உள்படப் பல ஜில்லாக்களில் தரிசாகக் கிடந்த காடுகளில் விறகு வெட்டிக்கொள்ள அரசு அவருக்கு உரிமை கொடுத்தது. கள்ளக்குறிச்சியும் திருவண்ணாமலையும் அன்று தென்னாற்காட்டைச் சேர்ந்தவை. பிற்பாடு அவர் தொடங்கிய இரும்புக் கம்பெனி திருவண்ணாமலையிலும் உலை வைத்தது. காடு இருக்கும் இடத்துக்கு உலை போனது என்றால், கடற்கரைக்குக் கரி வந்து சேர்வது எவ்வளவு பாடாக இருந்திருக்கும் என்று யூகிக்கலாம்.

ஒரு டன் மரக்கரிக்கு நாலைந்து டன் விறகு வேண்டும். வெட்டி, அடுக்கி, மண் பூசி மூடி, புகையவிட்டு, பிரித்து, வண்டியில் ஏற்ற வேண்டும். பக்கத்துக் காடு தீர்ந்ததும் வண்டி இன்னும் தூரம் போக வேண்டும். தூரம் கூடக்கூடக் கரியின் விலை ஏறும், இரும்பின் விலையும் கூடவே ஏறும்.

அதே ஆண்டுகளில் ஸ்காட்லாந்தில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஹீத்தின் நிலைமை புரியும். கிளாஸ்கோவில் எரிவாயு ஆலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் போமான்ட் நீல்சன், உலைக்குள் ஊதும் காற்றைச் சூடாக்கி ஊதும் முறைக்கு 1828இல் காப்புரிமை வாங்கினார். கிளைட் இரும்பாலையில் 1829இல் ஒரு டன் இரும்பு உருக்க எட்டு டன் நிலக்கரி செலவானது. 1833இல் இரண்டேகால் டன் போதுமென்று ஆனது. கல்கரியாகச் சுட வேண்டிய அவசியமும் போய், வெட்டியெடுத்த நிலக்கரியை அப்படியே கொட்டினார்கள். அவருக்கும் முன்னால், 1801இல், டேவிட் முஷெட் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் கரியும் இரும்பும் கலந்தே கிடக்கும் ஒரு கறுப்புத் தாதுப் படிவத்தைக் கண்டுபிடித்திருந்தார். இந்திய உருக்குக் கட்டிகளைச் சோதித்து 1805இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை கொடுத்ததும் இதே முஷெட்தான். நம் உருக்கு உசத்தி என்று அந்த ஊர் விஞ்ஞானிகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் அங்கே நிலத்தடியிலிருந்து எரிபொருள் வந்தது. இங்கே காட்டை வெட்டித்தான் உலை எரிந்தது.

பரங்கிப்பேட்டை இரும்பு மோசமானதல்ல. 1850இல் திறந்த வேல்ஸ் நாட்டு பிரிட்டானியா பாலத்துக்கு அது பயன்பட்டது. ஹீத்தும் சாமானியர் அல்ல. ஷெஃபீல்டுக்குப் போய், மாங்கனீசு சேர்த்து உருக்கைத் தேற்றும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அதை மற்றவர்கள் மாற்றுவழியில் செய்து பணம் கொடுக்காமல் தப்பிக்க, வழக்கிலேயே கைப்பணம் கரைந்து 1851இல் இறந்தார். ஆலை கைமாறி, தள்ளாடி, 1860களில் அணைந்தது. நேர்க்கோட்டில் அளந்தால் முப்பது கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய தூரத்தில் நிலக்கரி கிடந்தது. கிடைத்திருந்தாலும் அதை அப்படியே உலையில் போட்டிருக்க முடியாது. பாதிக்குப் பாதி ஈரம் உள்ள கரி அது, காய்ந்தால் பொடியும். இருந்தும், காட்டின் மேல் விழுந்த கோடரிகளில் பாதியாவது குறைந்திருக்குமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அந்த நெய்வேலிக் கரிக் கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கறுப்பு என்பதைவிட அடர்ந்த பழுப்பு. பார்க்கிற அளவுக்குக் கனம் இருக்காது. சில துண்டுகளில் மரத்தின் நார் ஓட்டம் அப்படியே தெரியும். கத்தியால் சீவினால் சுருளாக வரும். வெயிலில் கிடந்தால் ஈரம் போய் வெடிப்பு விடும், பிறகு விரலால் அழுத்தினாலே உதிரும். குவித்து வைத்தால் தானாகவே புகையத் தொடங்கும் என்பதால் கிடங்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பில் நின்ற மரங்கள் இன்னும் முழுசாகக் கல்லாகவில்லை.

அது வெளிச்சத்துக்கு வந்தது தண்ணீரைத் தேடப்போய். 1934இல் டி.எம். ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு இறக்கியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. கிணறு கெட்டது என்று மூடிவிட்டு வேறு இடம் பார்ப்பவர்கள்தான் அதிகம். அவர் அதை எடுத்துக்கொண்டு அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். 1943 முதல் 1946 வரை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்தது. கோடிக்கணக்கான டன் இருப்பது உறுதியானது. முதலியார் தம்முடைய 620 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார். ஸ்காட்லாந்தில் நிலத்தடியில் கரி கண்ட நிலக்காரர் சுரங்கக் கம்பெனிக்கு முதலாளியாகி மாளிகை கட்டினார். இங்கே கண்டவர் கொடுத்துவிட்டுப் போனார். நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

சென்னை மாகாணத்துக்கு அப்போது நிலக்கரி வங்காளம், பீகார் பக்கமிருந்தோ சிங்கரேணியிலிருந்தோ வர வேண்டும். ராஜாஜி, காமராஜர் இருவர் ஆட்சியிலும் நெய்வேலிக்காக விடாமல் வாதாடினார்கள். 1956 நவம்பர் 14இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணில் படுவதற்கு 1961 ஆகஸ்ட் வரை ஆயிற்று.

நாலு வருஷம் ஏன்? கரிக்கு மேலே இருந்த மண்ணும், கீழே இருந்த தண்ணீரும்தான் காரணம். ஒரு டன் கரி எடுக்க அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டும். மேல் மண்ணில் உள்ள கடலூர் மணற்கல் இரும்பு மாதிரிக் கடினம். ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத வாளிச் சக்கர இயந்திரங்களின் பற்களையே தேய்த்துவிட்டது. கரிக்கு அடியிலோ அழுத்தத்தோடு அடைபட்ட ஊற்று. மேல் மண்ணின் பாரம் போனதும், அந்தத் தண்ணீர் சுரங்கத் தரையையே பிளந்துகொண்டு மேலே வரப் பார்க்கும். அதனால் சுற்றிலும் ஆழ்குழாய் இறக்கி இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைத் தணித்த பிறகுதான் வெட்ட முடிந்தது. இன்றும் இறைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். முதலியார் கிணற்றில் தேடிய அதே தண்ணீர். சுற்றுப்புறக் கிராமங்களில் கிணறு இறங்கிப்போன கதையும் இங்கேதான் தொடங்குகிறது.

வெட்டிய கரி கன்வேயர் பெல்ட்டில் ஏறிப் பக்கத்து அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. சோவியத் உதவியோடு கட்டிய முதல் நிலையத்தில் 1962இல் முதல் யூனிட் ஓடியது. பிறகு அது 600 மெகாவாட்டாக வளர்ந்தது, அதன் மின்சாரம் முழுவதும் தமிழ்நாட்டுக்கே. ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரி, அல்லது கொஞ்சம் கூட. கவலை ஓட்டி இறைத்த கிணறுகளில் மோட்டார் பெருகியதற்கும், கரும்புக்கும் நெல்லுக்கும் தண்ணீர் கிடைத்ததற்கும் கம்பியில் வந்த இந்த மின்சாரமும் ஒரு காரணம். மலைமேல் அது தாமதமாகவே ஏறியது; அங்கே அரசாங்கமே தாமதமாகத்தான் ஏறியது. கல்வராயன் மலை மக்கள் 1976 வரை சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்று மூன்று ஜாகீர்களின் கீழ்தான் இருந்தார்கள்.

கரண்டாக மட்டும் அல்ல, கட்டியாகவும் அது ஊர் ஊராக வந்தது. ஈரத்தைப் போக்கி, பொடித்து, அழுத்தி, காற்றில்லாமல் சுட்டு எடுத்த கரிக்கட்டிக்கு லெக்கோ என்று பெயர். டீக்கடை பாய்லரிலும் ஓட்டல் அடுப்பிலும் இஸ்திரிப் பெட்டியிலும் அது கனன்றது. பற்றவைக்கப் பொறுமை வேண்டும். மண்ணெண்ணெய் தெளித்து, விசிறி, முதல் புகை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பிடித்துவிட்டால் கடையில் முதல் கூட்டம் போய் அடுத்த கூட்டம் வரும்வரை நின்று எரியும். காட்டு விறகுக்கு நம் ஜனங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல மாற்று என்று அதைத்தான் சொல்வேன். காஸ் சிலிண்டர் பரவிய பிறகு லெக்கோவின் மவுசு குறைந்து, தொழிற்சாலையும் மூடப்பட்டது.

ஹீத் விட்ட இடத்தை யாரும் முழுசாகப் பிடிக்கவில்லை. சேலத்து இரும்பையும் நெய்வேலிக் கரியையும் சேர்த்து உருக்கு செய்யலாம் என்று சுதந்திரத்துக்குப் பின் நிறையப் பேசினார்கள். கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலையும் வந்தது. ஆனால் 1981இல் அது தொடங்கியது, வெளியிலிருந்து வந்த உருக்கைத் தகடாக உருட்டும் ஆலையாக.

நிலம் கொடுத்தவர்களின் கணக்கு மட்டும் தீரவில்லை. முதல் சுரங்கத்துக்கு ஊரைக் காலிசெய்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் நிரந்தர வேலை கேட்கிறார்கள். நிறுவனத்தின் வாயிலில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் போராட்டம் பல தடவை நடந்திருக்கிறது. 2023 ஜூலையில் பக்கத்துக் கிராமமான வளையமாதேவியில் சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்ட, வளர்ந்து நின்ற நெல்லின் மேலேயே இயந்திரங்களை இறக்கினார்கள். அறுவடை முடியும்வரை பொறுத்திருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்? அந்தக் கரண்டில் மோட்டார் போட்டு நெல் விளைவிக்கும் நாம் இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓட்டத்தை நிறுத்தியது. புதிய நிலையங்கள் கரியை எரித்துக்கொண்டிருக்கின்றன. எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பலும் பயணம் போகிறது. சிமெண்டு ஆலைக்குப் போகிறது, ஃபிளை ஆஷ் கல் அறுக்கும் பட்டறைகளுக்கு லாரியில் போகிறது. அங்கே சிமெண்டும் மணல் பொடியும் சேர்த்து அச்சில் அழுத்தி, தார்ப்பாய் போட்டு மூடி, சில வாரங்கள் தண்ணீர் காட்டுகிறார்கள். சூளை கிடையாது, அதனால் அந்தக் கல்லுக்கு விறகும் வேண்டாம், வயலின் மேல் மண்ணும் வேண்டாம்.