கல்லில் வெட்டிய சொந்த ஊர்

கோடை விடுமுறையில் தில்லியிலிருந்து குடும்பத்தோடு தஞ்சாவூர் போயிருந்தோம். பெரிய கோயிலில் எல்லோரும் அண்ணாந்து விமானத்தைப் பார்க்க, தமிழைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் என் மகள் மட்டும் சுவரில் ஓடும் எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்றாள்.

கி.பி. 1010-இல் விமானப் பணியை நிறைவு செய்த முதலாம் இராசராசன், தான் கொடுத்தவை, தமக்கை குந்தவை கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். அவற்றுள் ஒரு கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதோடு, திருவாரூர் போன்ற எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும் பெயரோடு இருக்கிறது.

அவர்கள் விரும்பித்தான் வந்தார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. ஆனால் புது ஊரில் வீடு கொடுத்தபோதும் பழைய ஊரின் பெயரை அழித்துவிடவில்லை. அரசர்களின் வெற்றிகளை மட்டுமல்ல, இடம் பெயர்ந்தவர்களின் முகவரியையும் காத்துவைத்திருப்பதே இக்கல்வெட்டின் பெருமை என்பேன்.

"அப்போ அவங்களும் நம்மள மாதிரி வெளியூர்க்காரங்களா?" என்றாள் மகள். திரும்பும்போது ரயிலில் நோட்டை எடுத்துத் தன் பெயரையும், கீழே 'ஆடுதுரை' என்றும் எழுதிக் காட்டினாள். 'ரை'யை 'றை' ஆக்கிக் கொடுத்தேன்.