நாரியை அளந்த கதை

லொறியிலிருந்து மூடை இறக்கும் நாட்டாமி நானாமாரை எங்கள் எல்லாருக்கும் தெரியும். நாற்பத்தைந்து வயதில் நாரியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நடப்பதும் தெரியும். கேட்டால் "வயசு போனா வரத்தானே செய்யும்" என்பார்கள். நாங்களும் தலையாட்டி, ஒரு எண்ணெயின் பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிடுவோம். வயதுதான் காரணமென்றால் ஊரில் நாற்பத்தைந்தைத் தாண்டிய எல்லாரும் அப்படியல்லவா நடக்க வேண்டும்?

ஒரு வேலை உடம்பை எவ்வளவு கெடுக்கும் என்பதை அளக்கலாம். உலகத்தில் நீண்ட காலமாக அளந்தும் வருகிறார்கள். யார் அளந்தார்கள், யாருக்காக அளந்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

இத்தாலியின் மொடேனா நகரில் பெர்னார்டினோ ரமஸ்ஸினி என்றொரு மருத்துவர் இருந்தார். தன் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்ய வந்த தொழிலாளி ஏன் இவ்வளவு அவசரப்படுகிறான் என்று விசாரித்ததில் இருந்துதான் அவருடைய தேடல் தொடங்கியது. 1700ஆம் ஆண்டு தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் சுமை தூக்குவோருக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. தொழில் நோய்களுக்கு இரண்டு வழிகளைச் சொன்னார்: கையாளும் பொருளின் நச்சுத்தன்மை ஒன்று, உடம்பை இயல்புக்கு மாறாக வளைத்தும் அசைத்தும் வைத்திருப்பது மற்றது. நோயாளியிடம் வழமையாகக் கேட்கும் கேள்விகளோடு "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர்தான். முந்நூறு வருடம் கழிந்தும் எங்கள் பக்கத்து டிஸ்பென்சரிகளில் அந்தக் கேள்வியை நாங்கள் அதிகம் கேட்டதில்லை.

ரமஸ்ஸினி கண்ணால் பார்த்து எழுதினார். மணிக்கூட்டை வைத்து அளந்தவர் அமெரிக்காவின் பிரெடரிக் டெய்லர். 1899இல் பெத்லஹேம் உருக்கு ஆலையில் இரும்புக் கட்டிகளைத் தூக்கி ரயில் பெட்டியில் ஏற்றும் வேலையை அவர் ஆராய்ந்தார். ஒரு கட்டி 92 இறாத்தல், அதாவது சுமார் 42 கிலோ. ஒருவர் நாளொன்றுக்கு 12½ தொன் ஏற்றிவந்தார். சரியான ஆளைத் தெரிந்து, எப்போது தூக்குவது, எப்போது ஓய்வெடுப்பது என்று சொல்லிக்கொடுத்தால் 47½ தொன் ஏற்றலாம் என்றார் டெய்லர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 1,156 தடவை அந்த இரும்பைத் தூக்க வேண்டும். கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராக உயர்ந்தது. வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு, கூலி இரண்டு மடங்குகூட இல்லை.

1911இல் வந்த தன் நூலில் டெய்லர் இதைப் பெருமையோடு எழுதினார். அந்தக் கதையில் அவர் கூட்டியும் குறைத்தும் சொன்னவை உண்டென்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் நியாயமாகப் பார்த்தால், களைப்பு என்பது சோம்பல் இல்லை, உடம்பின் கணக்கு என்பதை அவர் விளங்கியிருந்தார். அந்தக் கட்டியைத் தூக்குபவர் வேலை நேரத்தில் 43 வீதம்தான் சுமையோடு இருக்கலாம் என்பது அவருடைய முடிவு. ஆனால் எட்டுப் பேரில் ஒருவர்தான் இந்த வேலைக்குத் தாக்குப்பிடிப்பார் என்பதையும் அவரே எழுதினார். மற்ற ஏழு பேருக்காக வேலையை மாற்றலாம் என்ற எண்ணம் அந்தக் கணக்கில் வரவேயில்லை. ஆளைத்தான் மாற்றினார்கள்.

எங்களுக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி அதே அமெரிக்காவின் இன்னொரு மூலையில் நடந்தது. கலிபோர்னியாவின் சலாது, சீனி பீட்ரூட் தோட்டங்களில் மெக்சிக்கோ வழிவந்த கூலியாட்கள் ஒரு குட்டைக் களைக்கொத்தைப் பிடித்து வேலை செய்தார்கள். 'எல் கோர்த்தீட்டோ', குட்டையன், என்பது அவர்கள் வைத்த பெயர். பிடி மிகவும் குட்டை. அதனால் காலை முதல் மாலை வரை இடுப்பில் இரண்டாக மடிந்தபடியே நகர வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸும் இளமையில் இதைப் பிடித்தவர்தான். நீளப் பிடி வைத்தால் பயிர் வெட்டுப்பட்டுவிடும் என்றார்கள் முதலாளிமார். இன்னொரு வசதியும் அவர்களுக்கு இருந்தது: யாராவது நிமிர்ந்தால் மேற்பார்வையாளருக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

மொரிஸ் ஜோர்டேன் என்ற இளம் சட்டத்தரணி இதை எடுத்துக்கொண்டு மாநிலத்தின் தொழிற்பாதுகாப்புச் சபைக்குப் போனார். அங்கே "பாதுகாப்பற்ற கைக்கருவிகளைப் பயன்படுத்தக்கூடாது" என்று ஒரு விதி ஏற்கெனவே இருந்தது. மருத்துவர்கள் வந்து முள்ளந்தண்டு எப்படித் தேய்கிறது என்று சாட்சி சொன்னார்கள். வேலை செய்தவர்களும் சொன்னார்கள். சபை ஏற்கவில்லை. பாதுகாப்பற்ற கருவி என்றால் உடைந்தது, பிழையாகச் செய்யப்பட்டது என்றுதான் பொருள், இந்தக் களைக்கொத்தில் ஒரு பழுதும் இல்லையே என்றது.

வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975 ஜனவரியில் நீதிமன்றம் சபையின் விளக்கத்தைத் தள்ளிவிட்டது. கருவி நன்றாக இருக்கலாம், அதைப் பிடித்து வேலை செய்கிற விதம் ஆளைக் காயப்படுத்தினால் அதுவும் பாதுகாப்பற்ற கருவிதான் என்றது. அதே ஆண்டு குட்டைக் களைக்கொத்து தடைசெய்யப்பட்டது. நீளப் பிடிகள் வந்தன. சலாதுத் தோட்டங்கள் அழிந்துபோகவில்லை.

ஒரு சொல்லின் பொருளில் எத்தனை பேரின் முதுகு தொங்கிக்கொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். காயம் என்றால் இரத்தம் வர வேண்டும், கருவி உடைய வேண்டும் என்று நினைக்கும் வரை, மெதுவாக வரும் காயம் ஒருவர் கண்ணிலும் படாது. எங்கள் பக்கம் மூடை சரிந்து காலில் விழுந்தால் அது விபத்து. அதே மூடையை இருபது வருடம் தூக்கி நாரி போனால் அது 'வயசு'.

அதே எழுபதுகளில் பின்லாந்தின் ஒவாகோ உருக்கு ஆலையில் தொழிலாளர்களைப் படம் பிடித்து, முதுகு, கை, கால் இருக்கும் நிலைகளை வகைப்படுத்தினார்கள். எந்த நிலை எவ்வளவு கஷ்டம் என்பதை நிபுணர்களோடு சேர்ந்து, அந்த வேலையில் பழகிய தொழிலாளர்களும் மதிப்பிட்டார்கள். டெய்லரிடம் இல்லாதது இது. பிறகு 1981இல் அமெரிக்க அரசின் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனம் தூக்குவதற்கென்றே ஒரு சமன்பாட்டை வெளியிட்டது. 1991இல் அதைத் திருத்தியது.

அந்தச் சமன்பாடு எங்கள் ஓ.எல். பிள்ளைகளும் போடக்கூடியது. எல்லாம் மிகத் தோதாக இருந்தால், அதாவது பொருள் உடம்போடு ஒட்டி, இடுப்பளவு உயரத்தில், திரும்பாமல், எப்போதாவது மட்டும் தூக்கினால், 23 கிலோ. அதுதான் உச்சம். பிறகு ஒவ்வொரு தோதின்மைக்கும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பொருள் உடம்பிலிருந்து 40 சென்ரிமீற்றர் தள்ளியிருந்தால் 0.625ஆல் பெருக்குங்கள். கை பிடிக்கும் இடம் நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றர்தான் என்றால் 0.82. அங்கிருந்து ஒரு மீற்றர் உயரம் வரை தூக்கினால் 0.87. பெருக்கிப் பாருங்கள், சுமார் 10 கிலோ வரும். எங்கள் சீமெந்துப் பை 50 கிலோ. ஐந்து மடங்கு. அடிக்கடி தூக்குவதை இன்னும் சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கு இரண்டு கையாலும் தூக்குவதற்கு மட்டும்தான். தோளிலும் தலையிலும் வைத்து நடப்பதற்கு இது பொருந்தாது. அதனால் எங்கள் நானாமாரின் முழுக் கஷ்டமும் இந்தப் பத்துக் கிலோவுக்குள் அடங்காது.

50 கிலோ என்பதை எந்த முதுகைப் பார்த்து வைத்தார்கள்? பழைய ஆட்களுக்கு அந்தர் ஞாபகமிருக்கும். ஒரு அந்தர் 112 இறாத்தல், கிட்டத்தட்ட 51 கிலோ. கணக்குப்பிள்ளையின் கொப்பிக்கு இலேசான எண் அது. 1967இல் சர்வதேசத் தொழில் அமைப்பு வளர்ந்த ஆணுக்கு 55 கிலோ வரை என்று பரிந்துரைத்தது. அந்த அளவில் எங்கள் பை தப்பிவிடும். பின்வந்த கணக்கில் தப்பாது. பிரித்தானியாவில் இன்று கடையில் கிடைக்கும் வழமையான சீமெந்துப் பை 25 கிலோ.

எங்களூர் ஹார்ட்வெயார், அரிசிக் கடை முதலாளிமாரிடம் ஒன்று கேட்கிறோம். பையின் நிறையைக் கம்பனி தீர்மானிக்கிறது, அது உங்கள் கையில் இல்லை என்பது விளங்குகிறது. மூடையை நிலத்தில் போடாமல் இடுப்பளவு மேடையில் அடுக்குவது உங்கள் கையில் இருக்கிறது. அந்த உயரத்தில் எடுத்து அதே உயரத்தில் வைத்தால், 40 சென்ரிமீற்றர் தள்ளியிருந்தாலும், பத்து 14 ஆகிறது. உடம்போடு அணைத்து, 30 சென்ரிமீற்றருக்குள் பிடித்தால் 19. நாலு பலகையும் ஒரு தச்சன் கூலியும்தான் செலவு. 25 கிலோ அரிசிப் பை கிடைக்கும் இடத்தில் அதைக் கேட்டு எடுங்கள். நிலத்திலிருந்துதான் தூக்க வேண்டுமென்றால் ஒரு மூடைக்கு இரண்டு பேரை விடுங்கள், இரண்டு பேருக்கும் கூலி கொடுங்கள்.