தங்கம் போனது, தூசு யாருக்கு?

கோலார் தங்கவயலைப் பற்றி இன்றைய பிள்ளைகளைக் கேட்டால் முதலில் சினிமாவைத்தான் சொல்கிறார்கள். படத்தில் ஒரு நாயகன் வந்து அடிமைகளை மீட்கிறான். நாம் அறிந்த தங்கவயலில் அப்படி ஒருவன் வரவில்லை. வடஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சத்துக்கும் பண்ணைக்கும் தப்பிப் போன பறையர் குடும்பங்கள் தாங்களே சங்கம் கட்டின, பள்ளி நடத்தின, பத்திரிகை போட்டன.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, சுரங்கத்துக்காக வந்தது. அந்தச் சுரங்கம் பிறகு 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. மேலே துரைமார் பங்களா, கீழே தட்டி வேய்ந்த லைன் வீடுகள். பாறையைத் துளைத்தவர்களின் நுரையீரலில் சிலிக்கா தூசு படிந்தது. 1940களில் நடந்த மருத்துவ ஆய்வில், சோதித்துப் பார்த்த தொழிலாளரில் நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு சிலிகோசிஸ் இருந்தது. இந்திய நோயியல் வரலாற்றில் இது ஒரு முக்கியமான ஆய்வு என்று பாடநூலில் எழுதுகிறார்கள். அந்த நுரையீரல்கள் எந்தச் சாதிக்காரர்களுடையவை என்று எழுதுவதில்லை.

அதே ஊரில்தான் அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. பண்டிதர் 1914இல் மறைந்த பிறகு, நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். பகலில் பாறை உடைத்தவர் இரவில் பௌத்தம் படித்த ஊர் அது. 1930இல் கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்கியபோது சுரங்கமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. குற்றப் பரம்பரை போலத் தங்களை நடத்துகிறார்கள் என்ற கோபம் அதில் இருந்தது.

1956இல் மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசுக்குப் போனது, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. அதற்குள் நல்ல தாது தீர்ந்துபோயிருந்தது. ஆழம் கூடக் கூடச் செலவும் கூடியது. 1992இல் நிறுவனம் நலிவுற்றதென்று தொழில், நிதி மறுசீரமைப்பு வாரியத்திடம் போனது. 2000இல் வாரியம் கலைத்துவிடச் சொன்னது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்த இடத்தில் பம்புகள் நின்றன, குழிகளில் தண்ணீர் ஏறியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள்.

மூடிய நாளை மட்டும் நினைத்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். கதையின் கனமான பாகம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. தாதுவை அரைத்து, சயனைடில் கரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய மண்ணை ஊரைச் சுற்றிக் கொட்டியிருந்தார்கள். 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசு லைன் வீடுகளின் சோற்றுப் பானைவரை வருகிறது. சுரங்கத்தை மூடும்போது நிலத்தைச் சீர்செய்யும் திட்டமும் அதற்கான நிதிப் பிணையும் வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2003இல் வந்தது. தங்கவயலை மூடி இரண்டு ஆண்டு கழித்து!

அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இப்படியொரு பிணையை 1977 சட்டமே கேட்டது. ஆனாலும் 2019இல் பிளாக்ஜுவெல் நிறுவனம் திவாலானபோது கென்டக்கித் தொழிலாளர்கள் சம்பள பாக்கிக்காக நிலக்கரி ரயிலின் முன் தண்டவாளத்தில் உட்கார வேண்டியிருந்தது. சட்டம் இருந்தே அந்தக் கதி. இல்லாத இடத்தில் என்ன நடக்கும்?

நடந்தது இதுதான். ஆண்களும் பெண்களும் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்பினார்கள். கம்பெனி விட்டுப்போன எடுப்புக் கக்கூஸ்கள் அப்படியே இருந்தன, அவற்றை அள்ளும் வேலையும் நம்மவர் தலையில் இருந்தது. 2011இல் தங்கவயலில் மலக்குழியில் இறங்கிய மூவர் செத்தார்கள். தங்கம் எடுக்க ஆழத்தில் இறக்கப்பட்டவர்களின் பிள்ளைகளை மலம் எடுக்க இறக்கிய ஊர் என்று இதை எழுதி வைக்காமல் எப்படி இருப்பது?

தொழிலாளர் சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. சுரங்கத்தைத் தாங்களே நடத்துகிறோம் என்று நீதிமன்றம் ஏறின. சொத்துகளை உலகளாவிய டெண்டரில் விடும்போது முன்னாள் தொழிலாளருக்கு முதல் உரிமை என்ற ஏற்பாடுவரை பேச்சு வந்தது. 2013இல் உச்சநீதிமன்றம் டெண்டருக்கு வழிவிட்டது. உலகச் சந்தையில் கம்பெனிகள் கேட்கும் விலைக்குச் சமமாக, கிராஜுவிட்டி பாக்கிக்கு அலையும் ஒருவர் பணம் கட்ட முடியுமா? காகிதத்தில் கொடுத்த உரிமை அது.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை அந்த 13 மேடுகளில், 1,003 ஏக்கரில், மீண்டும் தங்கம் எடுக்க ஒப்புதல் தந்தது. மண்ணில் மிஞ்சியிருக்கும் சிறுதுளித் தங்கத்துக்கு இன்றைய விலையில் லாபம் வருமாம். மேடுகள் அகன்றால் நல்லதுதான், நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் கிளறும்போது எழும் தூசை யார் அளப்பார்கள், இரண்டாம் முறை அரைத்த மண்ணை எங்கே கொட்டுவார்கள், பிணைத்தொகை எவ்வளவு, வேலையில் எத்தனை பேர் லைன்களிலிருந்து, வீட்டுப் பட்டா எப்போது? ஏலம் எடுப்பவர் கையெழுத்துப் போடுமுன் இவை ஒப்பந்தத்தில் ஏற வேண்டும்.

தங்கவயலில் உறவுகள் உள்ள மாணவத் தோழர்கள் இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யலாம். தாத்தாவின் சம்பளச் சீட்டு, சிலிகோசிஸ் சான்று, எக்ஸ்ரே, லைன் வீட்டு ரசீது எதுவானாலும் படம் எடுத்து வையுங்கள். பழைய தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும். பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்று ஒரு நாள் கூட்டுவார்கள், அன்று மேசைமேல் வைக்க அவை வேண்டும்.